உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால்தான் திறக்கும் கதவு



போன வாரம் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி போன் செய்தாள். "டீச்சர், பிள்ளைக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. தண்ணி கொடுத்தா இன்னும் போகும், கொடுக்காதேன்னு அத்தை சொல்றாங்க. என்ன செய்யட்டும்?" என்றாள். "முதலில் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடும்மா. கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போ" என்றேன். பிள்ளை இப்போது நலம்.

போனை வைத்த பிறகும் மனம் ஆறவில்லை. அறுபதுகளின் கடைசியில் எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். என் தம்பிக்கு ஒன்றரை வயது, என் இடுப்பிலேயே வளர்ந்தவன். இரண்டு நாள் பேதி. தண்ணீர் கேட்டு அழுதவனுக்கு உதட்டை மட்டும் நனைத்தார்கள். மூன்றாம் நாள் அவன் இல்லை. யாரையும் குறை சொல்ல மாட்டேன். அன்று அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிறகு நான் ஆசிரியராகி, "செல் சவ்வு ஒரு தேர்வு கடத்து சவ்வு" என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். நீங்களும் மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கினீர்கள். அந்த வரிக்கும் என் தம்பிக்கும் உள்ள தொடர்பை நான் சொல்லித் தரவில்லை. இன்று சொல்கிறேன்.

1925இல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானிகள் கோர்ட்டர், கிரெண்டல் இருவரும் இரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்து, நீரின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. அப்படியானால் சவ்வு என்பது இரண்டு கொழுப்பு அடுக்கு என்றார்கள். கொழுப்பும் நீரும் ஒட்டாது அல்லவா? நீரில் கரைந்த உப்பும் சர்க்கரையும் அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே போக முடியாது. அதற்கென்று சவ்வில் புரதங்களாலான கதவுகள் இருக்கின்றன.

சிறுகுடலில் உள்ள ஒரு கதவு விசித்திரமானது. உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே விடும். இதை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் பிராகா நகரில் நடந்த கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். அவை உள்ளே போனால், சவ்வூடு பரவலால் தண்ணீரும் பின்னாலேயே போகும்.

காலரா நஞ்சு குடல் செல்களிலிருந்து உப்பை வெளியே கொட்ட வைக்கிறது. தண்ணீரும் கூடவே வெளியேறுகிறது. ஆனால் இந்தக் கதவை மட்டும் அது கெடுப்பதில்லை. பேதி போய்க்கொண்டிருக்கும்போதே உடம்புக்குள் நீரைச் சேர்க்க ஒரு வழி திறந்தே இருக்கிறது. 1968இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள், குடிக்கும் கரைசலால் காலரா நோயாளிகளுக்கு ஏற்றும் சலைனின் தேவையை வெகுவாகக் குறைக்கலாம் என்று காட்டினார்கள்.

ஆனாலும் மருத்துவ உலகம் நம்பத் தயங்கியது. 1971இல் வங்கதேசப் போர் வந்தது. சுமார் ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்கத்தின் பன்கான் ஊரில் காலரா பரவியது. ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள். சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. கல்கத்தாவிலிருந்து வந்த டாக்டர் திலீப் மஹலனாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. டிரம்களில் கலக்கி வைத்து, நோயாளியின் அம்மாவிடமும் அக்காவிடமும் டம்ளரைக் கொடுத்து "ஊட்டுங்கள்" என்றார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை, அவரது குழுவின் கவனிப்பில் நான்குக்கும் கீழே இறங்கியது.

1978இல் உலக சுகாதார நிறுவனம் இதை உலகெங்கும் கொண்டு செல்லத் தொடங்கியது. 1980 முதல் வங்கதேசத்தில் பிராக் அமைப்பின் பெண்கள் வீடு வீடாகப் போய், மூன்று விரல் உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று தாய்மார்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். மஹலனாபிஸ் 2022இல் காலமானார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

சரி, பாடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இரண்டு வாங்கி வீட்டில் வையுங்கள். அது இல்லாத நேரத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு கூடக் கூடாது. சர்க்கரை அதிகமானால் குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். உப்பு அதிகமானால் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தை சோர்ந்து போனாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

டாக்காவில் கண்டறிந்தது எங்கள் ஊர் வந்து சேர இன்னும் பல வருடங்கள் ஆயின. தம்பிக்கு அது கிடைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும். "தண்ணீர் கொடுக்காதே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் சண்டை போடாதீர்கள். இந்தக் கதவின் கதையைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். கட்டாயம் கேட்பார்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்