அரை நூல் இடைவெளி

எங்க மாமா ஒருத்தர் பழைய பிக்கப் வண்டி ஒண்ணு வச்சிருக்கார். கொல்லிமலைக்குப் போகும்போது மளிகைச் சாமான், உரமூட்டை. இறங்கும்போது அன்னாசி, வாழைத்தார். காரவள்ளியில ஆரம்பிச்சு 70 கொண்டை ஊசி வளைவு. போன வருஷம் நாலே மாசத்துல ரெண்டு தடவை கிளட்ச் பிளேட் மாத்தினார். ரெண்டாவது பிளேட்டும் பாதி மலையில ஸ்லிப் அடிச்சது. எஞ்சின் கத்துது, வண்டி நகரல, கருகின வாசம். மேல காத்திருந்த அன்னாசி அழுகிப் போச்சு. "தவணை கட்டறதா, பிளேட்டு வாங்கறதா? எடைக்குப் போட்டுடறேன் மாப்பிள்ளே"ன்னுட்டார்.

பழுது என்னன்னு கடைசியில தெரிஞ்சது. ஆனா அதைச் சொல்லணும்னா எங்க ஊர் லாரிக் கதையையும் கிளட்ச்சோட கதையையும் கொஞ்சம் சொல்லியாகணும். பொறுத்துக்குங்க.

நாமக்கல் பக்கம் காவிரிக்கரையை ஒட்டின மோகனூர், பரமத்தி வேலூர் மாதிரி ஊர்களுக்குத்தான் வாய்க்கால் தண்ணி. மத்ததெல்லாம் கிணறும் மானாவாரியும். மழையை நம்பறதைவிட சக்கரத்தை நம்பலாம்னு நிறைய குடும்பங்கள் லாரியில காசு போட்டாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் பம்பாயில பிரீமியர் கம்பெனி டாட்ஜ், ஃபார்கோ லாரிகளையும், கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பெட்ஃபோர்டையும் கொண்டு வந்தாங்க. 1954-ல டாடா - மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டு. 1948-ல எண்ணூர்ல ஆரம்பிச்ச அசோக் மோட்டார்ஸ் 1955-ல அசோக் லேலண்ட் ஆச்சு.

இதுல முக்கியமான விஷயம், கம்பெனி பெரும்பாலும் எஞ்சினோட சேஸிஸ் மட்டும்தான் கொடுக்கும். பாடி நாம கட்டிக்கணும். அப்படித்தான் நாமக்கல்ல பாடி கட்டற பட்டறைகள் பெருகுச்சு. அதைச் சுத்தி லேத்து, வெல்டிங், பட்டை போடறவங்க, பெயிண்டர், எலக்ட்ரீஷியன்னு ஒரு ஊரே உருவாச்சு. 1975-ல நேஷனல் பர்மிட் வந்ததும் வண்டிகள் பல மாநிலம் தாண்டி ஓடுச்சு. பக்கத்துல திருச்செங்கோடு, போர் போடற ரிக் வண்டிக்குப் பேர் வாங்கிச்சு. 1997-ல சேலத்துல இருந்து பிரிஞ்சு தனி மாவட்டம் ஆகறதுக்கு ரொம்ப முன்னாடியே நாமக்கல் லாரி ஊர்தான்.

இந்தப் பட்டறைகள்ல பாடப்புத்தகம் கிடையாது. ஸ்பானர் எடுத்துக் கொடுக்கற பையனா சேர்ந்து, பத்து வருஷத்துல மேஸ்திரி ஆகணும். வண்டியே வாத்தியார்.

இப்ப கிளட்ச். ஆரம்பகால கார்கள்ல தோல் ஒட்டின கூம்பு ஒண்ணுதான் கிளட்ச். ரொம்ப வெடுக்குன்னு பிடிச்சா தோலுக்கு விளக்கெண்ணெய் தடவுவாங்களாம்! அப்புறம் ஒத்தைப் பிளேட் கிளட்ச் வந்துச்சு. ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவுல லைனிங் ஒட்டின பிளேட். ஸ்பிரிங் அழுத்திப் பிடிச்சிருக்கும். பெடலை மிதிச்சா ரிலீஸ் பேரிங் போய் விரல்களைத் தள்ளும், பிடி விடும். இன்னிக்கும் அடிப்படை அதேதான்.

பழைய லாரிகள் பலதுல பெடலுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவுல வெறும் இரும்பு ராடு. லைனிங் தேயத் தேய அந்த விரல்கள் பேரிங் பக்கமா நகர்ந்து வரும். நடுவுல இடைவெளி இல்லாட்டி பேரிங் எப்பவும் விரலை அழுத்திக்கிட்டே இருக்கும். அதாவது டிரைவர் காலை எடுத்தாலும், பாதி மிதிச்ச மாதிரிதான். பிளேட் வழுக்கும், கருகும். அதனால பெடல்ல ஓரங்குலம் சும்மா ஆடணும். இதுக்குப் பேர் 'பிளே'. அந்தக்கால டிரைவர், கிளீனர் எல்லாரும் காலாலயே பிளே பார்ப்பாங்க. குறைஞ்சா ரோட்டோரத்துலயே நட்டைத் திருப்பிச் சரி பண்ணிக்குவாங்க.

1980களில் ஜப்பான் கூட்டு வண்டிகள் வந்துச்சு. டி.சி.எம். டொயோட்டா, ஸ்வராஜ் மஸ்தா, ஆல்வின் நிஸான், ஐச்சர் மிட்சுபிஷி. 1986-ல டாடா 407, 1988-ல டாடாமொபைல் பிக்கப். போகப்போக ராடு இருந்த இடத்துல ஆயில் பைப் வந்துச்சு. மேல மாஸ்டர் சிலிண்டர், கீழ சிலேவ் சிலிண்டர். லைனிங் தேஞ்சா ஆயில் தானே டேங்க்குக்குத் திரும்பி, தானே சரி பண்ணிக்கும். இதுல பழகின பசங்களுக்கு பிளே பார்க்கற பழக்கமே தேவைப்படல. மறந்தே போச்சு.

மாமா வண்டியும் ஆயில் கிளட்ச்தான். தெரிஞ்சவர் ஒருத்தர் மூலமா ஒரு பெரியவர்கிட்ட போனோம். அறுபதுகள்ல ஃபார்கோவுல கை வச்சு ஆரம்பிச்சவர். வண்டியைப் பார்க்கறதுக்கு முன்னாடியே கேள்வி ஆரம்பிச்சுட்டார்.

"காலையில எடுத்ததும் இழுக்குதா கண்ணு?"

"நல்லா இழுக்குதுங்க ஐயா. பாதி மலையிலதான்..."

"ஆறவிட்டா?"

"மறுபடி இழுக்குதுங்க."

"முன்னாடி கழட்டின பிளேட்டுல ஆயில் இருந்துச்சா?"

"இல்லீங்க, காஞ்சுதான் கருகியிருந்துச்சு."

ஆயில் இல்லைன்னா ஆயில் சீல் பழுது இல்லை. ஆறினா சரியாகுதுன்னா பிளேட் மேலயும் சந்தேகம் குறையுது. "கியர்பாக்ஸை இறக்காதீங்க"ன்னுட்டு, சரக்கோட மேடு ஏத்தச் சொன்னார். சூடேறி வழுக்க ஆரம்பிச்சதும் ஓரங்கட்டச் சொல்லி, கீழ சிலேவ் சிலிண்டர்ல ஏர் எடுக்கற நிப்பிளை லேசா லூஸ் பண்ணார். ஆயில் சொய்ங்னு பீச்சுச்சு. நிப்பிளை மூடிட்டு ஓட்டினா, வண்டி கல்லு மாதிரி பிடிச்சு இழுக்குது!

பெடல்ல கால் இல்லாதப்ப பைப்ல அழுத்தமே இருக்கக்கூடாது. இருந்துச்சு. ஏன்? மாஸ்டர் சிலிண்டர்ல ஆயில் டேங்க்குக்குத் திரும்ப ஒரு பொடித் துவாரம் உண்டு. பெடலை விட்டதும் பிஸ்டன் முழுசாப் பின்னால வந்தாத்தான் அது திறக்கும். சில மாசம் முன்னாடி அந்த சிலிண்டர் மாத்தினப்ப, பைப்ல ஏர் இருந்து பெடல் கீழ போயிருக்கு. ஏரை எடுக்காம, பெடலை மேல கொண்டு வர ஒரு பட்டறையில புஷ் ராடை நீட்டி விட்டுட்டாங்க. பிஸ்டன் முழுசாத் திரும்பல, துவாரம் மூடியே கிடந்துச்சு. மலையில சூடேறி விரிஞ்ச ஆயில் போக வழியில்லாம கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு பிளேட் கருகினது இதனாலதான்.

பெரியவர் புஷ் ராடைக் குறைச்சு அரை நூல் இடைவெளி விட்டார், ஏர் எடுத்தார். கால் மணி நேர வேலை. "ஆயில் கிளட்சுக்கு பிளே வேண்டாம்னு எவஞ் சொன்னான்? கீழ இருந்தது மேல போயிருச்சு, அவ்வளவுதான்"ன்னார்.

எனக்கு இதுல தோணினது ஒண்ணுதான். புது ஏற்பாடு வந்து பழைய விதியை ஒழிக்கறதில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஒளிச்சு வைக்குது. அது எங்க ஒளிஞ்சிருக்குன்னு, மாற்றத்தைக் கூடவே இருந்து பார்த்த கைக்குத்தான் தெரியுது. அந்தத் தலைமுறை மேஸ்திரிகள் ஒவ்வொருத்தரா பட்டறையை விட்டுப் போயிக்கிட்டிருக்காங்க. யாரும் எழுதியும் வைக்கல.

உங்ககிட்ட பழைய வண்டி இருந்தா, பிளேட் வாங்கறதுக்கு முன்னாடி குனிஞ்சு பெடலைக் கையால ஒரு அழுத்து அழுத்திப் பாருங்க. கொஞ்சூண்டு சும்மா ஆடணும்.

மாமா இன்னும் மூணாவது பிளேட் வாங்கலை. செவ்வாய்க்கிழமை மறுபடி மலைக்குப் போறார்.