மூலநிரலே பாடப்புத்தகம்: இணையதள நிரலாளர்கள் தொழில் கற்ற வரலாறு

தச்சு வேலை கற்க ஆசாரியிடம் சேர வேண்டும். மருத்துவம் கற்கக் கல்லூரிக்குப் போக வேண்டும். ஆனால் 1990களில் இணையதளம் அமைக்கத் தொடங்கியவர்களில் பலருக்கு ஆசாரியும் இல்லை, கல்லூரியும் இல்லை. பாடத்திட்டமே இல்லாத ஒரு தொழிலை அவர்கள் எப்படிக் கற்றார்கள்? அடுத்தவர் செய்த பக்கங்களைத் திறந்து பார்த்துத்தான்!

இதற்கான வசதி வலையின் பிறப்பிலேயே இருந்தது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1990 இறுதிக்குள் முதல் இணையதளம் இயங்கியது. 1991-ல் வெளியான எச்டிஎம்எல் விளக்கத்தில் இருந்தவை வெறும் 18 குறிகள். தலைப்புக்கு ஒன்று, பத்திக்கு ஒன்று, இணைப்புக்கு ஒன்று என்று மாலைப் பொழுதில் உட்கார்ந்து படித்துவிடலாம்.

முக்கியமான விஷயம் வேறு. கடையில் வாங்கும் மென்பொருள் பெரும்பாலும் எந்திர மொழிக்கு மாற்றப்பட்டே வரும். அதைத் திறந்தாலும் மனிதரால் படிக்க முடியாது. வலைப்பக்கம் அப்படியல்ல. எழுதியவர் எழுதிய எழுத்துக் கோப்பே வாசகரின் கணினிக்கு வந்து சேர்கிறது. உலாவியில் 'மூலத்தைப் பார்' என்ற கட்டளையைச் சொடுக்கினால் போதும், முழுச் சமையல் குறிப்பும் கண்முன்னே! 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் தன் வலை மென்பொருளை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமை ஆக்கியது. அதே ஆண்டு வந்த மொசைக் உலாவி வலையைச் சாதாரண மக்களிடம் கொண்டு சேர்த்தது. பார்ப்பவர் எவரும் செய்பவராக மாற வழி பிறந்தது.

அன்றாடப் பாடம் இப்படித்தான் நடந்தது. பிடித்த பக்கத்தின் மூலநிரலைச் சேமிப்பது, ஒரு வரியை மாற்றுவது, உலாவியில் மீண்டும் திறந்து என்ன ஆயிற்று என்று பார்ப்பது. உடைந்தால் எந்த வரியால் உடைந்தது என்று தேடுவது.

ஆனால் பார்த்து எழுதும் கல்வியில் பிழையும் சேர்ந்தே பரவும் அல்லவா? எண்களை அடுக்குவதற்காக வந்த அட்டவணைக் குறிகளை வைத்து முழுப் பக்கத்தையும் வடிவமைக்கும் பழக்கம் வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை வைத்து இடைவெளி விடும் தந்திரத்தை டேவிட் சீகல் 1996-ல் தன் நூல் வழியாகப் பரப்பினார். அதே ஆண்டு டிசம்பரில் தோற்றத்தைத் தனியே எழுத உதவும் சிஎஸ்எஸ் தரமாக வெளிவந்தது. உலாவிகள் அதைச் சரிவர ஆதரிக்காததால் பழைய தந்திரமே தொடர்ந்தது.

அந்தப் பழக்கத்தை உடைக்க உதவியதும் பார்த்துக் கற்கும் வழியே. 2003-ல் டேவ் ஷே தொடங்கிய 'சிஎஸ்எஸ் ஜென் கார்டன்' தளத்தில் எச்டிஎம்எல் கோப்பு ஒன்றுதான். சிஎஸ்எஸ் கோப்பை மட்டும் மாற்றினால் அதே பக்கம் முற்றிலும் வேறொரு தோற்றத்தில் நிற்கும். உலகெங்கும் இருந்து வடிவமைப்பாளர்கள் அனுப்பிய கோப்புகளை எவரும் திறந்து படிக்கலாம். நூறு கட்டுரைகள் வாதாடிப் புரியவைக்க வேண்டியதை அந்த ஒரு பக்கம் காட்டிவிட்டது.

திறந்த பாடமும் அழியக்கூடும் என்பதை 2004 காட்டியது. நெட்ஸ்கேப்பின் 'டெவ்எட்ஜ்' தளத்தில் நிரலாளர்கள் நம்பியிருந்த விளக்க ஆவணங்கள் இருந்தன. நெட்ஸ்கேப்பை வாங்கியிருந்த ஏஓஎல் நிறுவனம் அந்த ஆண்டு அதை மூடியது. பிறகு மொசில்லா அறக்கட்டளை அனுமதி பெற்று, 2005-ல் அந்த ஆவணங்களை எவரும் திருத்தக்கூடிய தளமாக மீண்டும் திறந்தது. இன்று நிரலாளர்கள் நாடும் எம்டிஎன் அதுதான். 2017-ல் மைக்ரோசாப்ட், கூகுள் போன்ற போட்டி நிறுவனங்களும் அதற்குக் கைகொடுத்தன.

இன்று 'மூலத்தைப் பார்' கட்டளை இருக்கிறது. ஆனால் பெரிய தளங்களில் அதைச் சொடுக்கினால் கிடைப்பது பெரும்பாலும் இடைவெளி நீக்கிச் சுருக்கப்பட்ட, கருவிகள் உருவாக்கிய நிரல். படித்துக் கற்க அது உதவாது. அந்த இடத்தை 2008-ல் தொடங்கிய கிட்ஹப்பும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் ஓரளவு நிரப்பின. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் கேள்விகள் தனி உரையாடல்களுக்குப் போகின்றன. பொதுவெளியில் கேட்கப்படுவது குறைந்துவிட்டது. கேட்டவருக்கு விடை கிடைக்கிறது. ஆனால் பொதுவில் கேட்ட கேள்வி, அதே இடத்தில் தடுமாறும் அடுத்தவருக்கும் பாடமாக நின்றது. தனி உரையாடலின் விடை கேட்டவரோடு முடிந்துவிடுகிறது.

முதல் தலைமுறை நிரலாளர்கள் கட்டணம் இல்லாமல் தொழில் கற்றதற்குக் காரணம், முன்னால் சென்றவர்களின் வேலை திறந்தே கிடந்ததுதான். அப்படிக் கற்றவர்கள் தம் நிரலையும் விளக்கத்தையும் பொதுவில் வைத்தால்தான், பணமும் கல்லூரியும் இல்லாத அடுத்தவருக்கும் அந்தக் கதவு திறந்திருக்கும்.