பின்னால் வரும் குரல்: ‘லேடி இன் சாட்டின்’ ஒலிப்பதிவை முன்வைத்து

பில்லி ஹாலிடேயின் ‘லேடி இன் சாட்டின்’ (1958) இசைத்தட்டைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் ரே எல்லிஸ் சொன்ன ஒரு கூற்றுக்கு வந்து சேர்ந்துவிடும். அந்தத் தட்டின் பாடல்களுக்கு வாத்தியக் கோவை எழுதியவர், குழுவை நடத்தியவர் அவர். பதிவு முடிந்தபின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து எல்லா டேக்குகளையும் கேட்டபோது ஹாலிடே பாடியது தமக்குத் திருப்தி தரவில்லை என்று பிற்காலத்தில் எல்லிஸ் சொன்னார். தாம் அன்று இசையை மட்டுமே கேட்டதாகவும், அதிலிருந்த உணர்ச்சியைக் கேட்கத் தவறியதாகவும், சில வாரங்கள் கழித்து இறுதிக் கலவையைக் கேட்டபோதே அவர் பாடியதன் மேன்மை புரிந்ததாகவும் விளக்கினார்.

நேர்மையான பேச்சு, சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. இசை என்று பார்த்தால் அந்தப் பாட்டு தேறாது, உணர்ச்சி என்று பார்த்தால் தேறும் என்பதே அது. பின்னால் வந்தவர்கள் இந்தப் பாகுபாட்டை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். குரல் உடைந்துவிட்டது, எல்லை சுருங்கிவிட்டது, மதுவும் போதையும் உடலைத் தின்றுவிட்டன, எஞ்சியது வலி மட்டும் என்று அதை வளர்த்துச் சொல்வது எளிதாகிவிட்டது. 42 வயதில் அவர் குரல் கரகரத்ததை யாரும் மறுக்கப்போவதில்லை. நான் மறுப்பது எல்லிஸ் போட்ட கோட்டை. அவர் உணர்ச்சி என்று தனியே எடுத்து வைத்தது முழுக்க முழுக்க இசைதான்; தாள இடம் பற்றிய தேர்ந்த அறிவு அது. இதை நிறுவ அதே தட்டின் கடைசிப் பாடலே நல்ல சான்று.

அதற்கு முன் இன்னொன்றையும் நேர்செய்ய வேண்டும். தந்தி வாத்தியங்கள் ஹாலிடேயின் மேல் சுமத்தப்பட்டவை என்றொரு எண்ணம் இருக்கிறது. 1944 அக்டோபரில் டெக்கா நிறுவனத்துக்காக ‘லவர் மேன்’ பதிவானபோதே, டூட்ஸ் கமராட்டாவின் கோவையில் வயலின்கள் இருந்தன. அவற்றைக் கேட்டு வாங்கியவர் ஹாலிடே. பதினான்கு ஆண்டுகள் கழித்து எல்லிஸின் ‘எல்லிஸ் இன் வொண்டர்லேண்ட்’ தட்டைக் கேட்டுவிட்டு, இவர்தான் வேண்டும் என்று தேடிப்போனவரும் அவரே. நார்மன் கிரான்ஸின் வெர்வ் நிறுவனத்துக்குச் சிறு குழுக்களோடு பாடிக்கொண்டிருந்தவர், கொலம்பியாவுக்கு வந்து நாற்பதுபேர் அளவிலான பெருங்குழுவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். பாடல்களும் அவர் அதற்கு முன் பதிவுசெய்திராதவை. தளர்ந்துபோனவர் பழகிய பாட்டுகளைத்தானே நாடுவார்?

குழுவில் வயலின், செலோ, யாழ், பின்னணிக் குரல்கள் எல்லாம் இருந்தன. டிரம்பெட்டில் மெல் டேவிஸ், டிரம்போனில் அர்பி கிரீன், ஜே. ஜே. ஜான்சன் ஆகியோர் தனி வாசிப்புக்கு வந்தார்கள். என் வாதத்துக்கு முக்கியமானவர்கள் வேறு மூவர்: பியானோவில் மால் வால்ட்ரன், பேஸில் மில்ட் ஹின்டன், டிரம்ஸில் ஓசி ஜான்சன். 1957 டிசம்பர் 8 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்’ நிகழ்ச்சியில் ஹாலிடே ‘ஃபைன் அண்ட் மெல்லோ’ பாடியபோது பின்னால் தாளம் பிடித்தவர்களும் இவர்களே. லெஸ்டர் யங்கின் சாக்ஸபோனுக்காக அந்த ஒளிப்பதிவை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பத்துப் பதினொரு வாரம் கழித்து, முப்பதாம் தெருவில் பழைய தேவாலயத்தை மாற்றி அமைத்த கொலம்பியா ஸ்டூடியோவில், அதே தாள அணி வயலின் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. மேலே பரவும் தந்திகளை ஒதுக்கிவிட்டு அடியில் ஹின்டனின் பேஸை மட்டும் பிடித்துக் கேளுங்கள். சிறு குழுவில் பாடும் ஹாலிடேயை அங்கே அப்படியே காணலாம்.

இனி அந்தக் கடைசிப் பாடல். எட்வர்ட் ரெடிங் எழுதிய ‘தி எண்ட் ஆஃப் எ லவ் அஃபேர்’ மோனோ தட்டில் பன்னிரண்டாவது பாடலாக இருக்கிறது. அதே ஆண்டு வந்த ஸ்டீரியோ தட்டில் அது இல்லை. பாடல் ஹாலிடேக்குப் பழக்கமில்லை. அதனால் குழு வாத்தியப் பகுதியை மட்டும் முதலில் பதிந்தது. பிறகு அந்தப் பதிவைக் கேட்டுக்கொண்டே அவர் தம் குரலைச் சேர்த்தார். மற்றப் பாடல்களைப்போல ஒரே நேரத்தில் பாடி வாசித்துப் பதிந்ததல்ல இது. 1997 மறுவெளியீட்டில் இந்தப் பாடல் உருவான விதத்தைக் காட்டும் ஏறத்தாழப் பத்து நிமிட ஒலித்தொகுப்பும், பாடலின் ஸ்டீரியோ வடிவமும் சேர்க்கப்பட்டன. சேகரிப்பாளர்கள் இதை ஓர் அரிய உபரி என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இது அந்தத் தட்டின் திறவுகோலாகவே படுகிறது.

காரணம் இதுதான். மற்றப் பதினொரு பாடல்களில் ஹாலிடே தாளத்துக்குப் பின்னால் தங்கும்போது, அது அவர் முடிவா, அவருக்காக எல்லிஸ் குழுவை நிதானப்படுத்தினாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நடத்துநர் பாடகரைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் வளைந்துகொடுக்கிறார்கள். இந்த ஒரு பாட்டில் அந்த வாய்ப்பே இல்லை. வாத்தியம் ஏற்கெனவே நாடாவில் இருக்கிறது. அது காத்திருக்காது, விட்டுக்கொடுக்காது. ஆகவே சொல் எங்கே விழுகிறதோ, அது முழுக்க ஹாலிடே வைத்த இடம். கேட்டுப் பாருங்கள்: வரியின் முதற்சொல் அடி விழுந்தபின் எழுகிறது, நடுச்சொற்கள் நெருங்கி, கிட்டத்தட்டப் பேச்சாக ஓடுகின்றன, கடைசிச் சொல் அடுத்த அடி வருமுன் தன் இடத்துக்கு வந்துவிடுகிறது. கர்நாடக இசையில் அனாகத எடுப்பை அறிந்த காதுக்கு இது உடனே பிடிபடும். ஆனால் அங்கே எடுப்பின் தூரம் பாடலுக்குப் பாடல் முன்பே தீர்மானமானது. இங்கே வரிக்கு வரி மாறுகிறது.

பாட்டுத் தெரியாததால்தான் பின்தங்கினார் என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்வி. தெரியாமல் தயங்குபவர் வரியின் தொடக்கத்திலும் தயங்குவார், முடிவிலும் தடுமாறுவார். தாமதம் சேர்ந்துகொண்டே போகும். இங்கே ஒவ்வொரு வரியிலும் எடுத்த கடன் அந்த வரியிலேயே அடைபடுகிறது. உறையாத தாளத்தோடு இப்படி விளையாடுவது கைப்பழக்கமாக இருக்கலாம். உறைந்த தாளத்தோடு, புதிதாகக் கற்ற பாட்டில், இதைச் செய்வதற்குத் தாளக்கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரே ஒரு பாட்டை வைத்து இவ்வளவு சொல்வதா என்றால், ஆம், ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் அந்த ஒன்றில்தான் சோதனைச் சூழல் தற்செயலாக அமைந்திருக்கிறது.

எல்லிஸ் ஏன் இதைத் தவறவிட்டார்? அவர் முன்னால் இருந்தது தாம் எழுதிய தாள். அதில் மெட்டு எழுதியபடி இருந்தது. ஹாலிடே ஒருநாளும் எழுதியபடி பாடியவரல்லர். 1935 ஜூலையில் டெடி வில்சன் குழுவோடு ‘வாட் எ லிட்டில் மூன்லைட் கேன் டூ’ பாடிய இருபது வயதிலேயே, மெட்டின் மேடுகளைத் தட்டையாக்கிச் சில சுரங்களுக்குள் அடக்கி, சொல்லைத் தள்ளிவைத்தார். ஒரு ஸ்தாயிக்குச் சற்றே மேற்பட்ட குரலுக்கு அவர் கண்டுபிடித்துக்கொண்ட வழி அது. 1958இல் குரலின் மினுமினுப்பு போய்விட்டது. அந்த வழி போகவில்லை. மினுமினுப்பு போனதால் அது முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது என்றுகூடச் சொல்வேன். அதே ஆண்டின் இறுதியில் நாட் ஹென்டாஃபுக்குத் தந்த பேட்டியில் மைல்ஸ் டேவிஸ், பழைய ஹாலிடேயைவிட இப்போதைய ஹாலிடேயைக் கேட்பதே தமக்கு விருப்பம் என்றார். டிரம்பெட்டில் மௌனத்தை அளந்து வைத்தவர் அவர். அவர் சொன்னதை வெறும் இரக்கமாக எடுத்துக்கொள்ள என்னால் இயலவில்லை.

பதிவு நடந்த தேதிகளில் ஒரு சிக்கல் தீராமல் இருக்கிறது. சில பட்டியல்கள் 1958 பிப்ரவரி 18 முதல் 20 வரை என்கின்றன. சில 19 முதல் 21 வரை என்கின்றன. இரவு நேர அமர்வுகள் நள்ளிரவைத் தாண்டிப் போயிருந்தால் இரண்டும் ஒரே மூன்று இரவுகளைக் குறிக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குமேல் அழுத்திச் சொல்வதற்கில்லை. இது என் வாதத்தைத் தொடும் இடம் ஒன்றே. வாத்தியம் பதிந்ததற்கும் குரல் சேர்த்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் கிடைத்தது என்பது உறுதியானால், ஹாலிடே அந்தப் பாட்டை எவ்வளவு விரைவில் கற்றார் என்பதும் தெரிந்துவிடும்.

1959 மார்ச்சில் எம்ஜிஎம் நிறுவனத்துக்காக எல்லிஸும் ஹாலிடேயும் மீண்டும் சேர்ந்தார்கள். ஹின்டனும் ஓசி ஜான்சனும் அங்கும் இருந்தார்கள்; பியானோவுக்கு ஹாங்க் ஜோன்ஸ் வந்தார், டிரம்பெட்டுக்கு ஹாரி எடிசன். இம்முறை எல்லிஸ் தந்திகளைக் குறைத்து, ஜாஸ் வாத்தியங்களை முன்னால் கொண்டுவந்தார். அவ்வாண்டு ஜூலை 17 அன்று ஹாலிடே இறந்தார். எல்லிஸின் கூற்றைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுபவர்கள், அடுத்த வாய்ப்பில் அவர் தம் கோவையை மாற்றி எழுதியதையும் அதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.