குமிழைக் கழுவும் முன்: வெளிச்சவ்வுத் தடுப்பூசிகளின் தயாரிப்பு முறை குறித்து

மெனிஞ்சோகாக்கஸ் கிருமியின் பி வகைக்குத் தடுப்பூசி செய்வது நீண்ட காலம் கைகூடவில்லை. ஏ, சி வகைகளில் கிருமியின் உறைச் சர்க்கரையே தடுப்பூசியாயிற்று. பி வகையின் உறையோ பாலிசியாலிக் அமிலத்தால் ஆனது. வளரும் சிசுவின் நரம்புச் செல்களிலும் அதே சர்க்கரைத் தொடர் உண்டு. அதனால் உடல் அதை அந்நியமாகக் கருதுவதில்லை. ஆகவே உறைக்கு அடியில் இருக்கும் வெளிச்சவ்வை ஆய்வாளர்கள் நாடினார்கள்.

கிராம்-எதிர் பாக்டீரியாக்கள் வளரும்போது வெளிச்சவ்வு ஆங்காங்கே புடைத்து, நுண்குமிழ்களாகக் கழன்று விழும். காலரா கிருமியில் இதை மின்னணு நுண்ணோக்கி வழியே கண்டு 1967இல் பதிவுசெய்தவர்கள் கல்கத்தாவின் சட்டர்ஜியும் தாஸும். குமிழுக்கு உயிரில்லை, அது பெருகாது. ஆயினும் கிருமியின் மேற்பரப்புப் புரதங்கள் தம் இயல்பான மடிப்புக் குலையாமல் அதில் பதிந்திருக்கின்றன. இடையூறு ஒன்றுதான்: சவ்வோடு சேர்ந்தே வரும் லிப்போபாலிசாக்கரைடு என்னும் நச்சு. அதை அகற்ற நார்வேயிலும் கியூபாவிலும் 1980களில் கையாண்ட வழி, டீஆக்ஸிகோலேட் என்னும் பித்த உப்பால் கழுவுவது. நொதிகலனில் வளர்த்த கிருமியை அந்த உப்பில் கரைத்து, அதிவேக மையவிலக்கில் குமிழ்களைப் பிரித்து, அலுமினிய உப்பில் ஏற்றினார்கள்.

நார்வேயில் 1988 முதல் 1991 வரை பள்ளி மாணவர்களிடம் நடந்த சோதனையில் கிடைத்த பாதுகாப்பு 57 சதவீதம். கியூபாவின் சோதனை 83 சதவீதம் எனக் காட்டியது. நியூசிலாந்தில் ஒரே திரிபு ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளைத் தாக்கியபோது, அந்தத் திரிபைக் கொண்டே ‘மென்இசட்பி’ தயாரித்து, 2004 முதல் 20 வயதுக்குட்பட்ட 10 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் போட்டார்கள். இவற்றிலிருந்து துறையில் ஒரு கருத்து வேரூன்றியது: கழுவிய குமிழில் மேலோங்கி நிற்பது போர்ஏ என்னும் புரதம், அது திரிபுக்குத் திரிபு மாறும், ஆகவே தடுப்பூசி தன் திரிபை மட்டுமே காக்கும். நார்வேயின் தடுப்பூசி 2006இல் பிரான்சின் நார்மண்டியில் பயன்பட்டதும், அங்கு பரவிய திரிபின் போர்ஏ பொருந்தியதால்தான்.

இந்தக் கருத்து தவறல்ல, ஆனால் பாதி உண்மை. பித்த உப்பு நச்சை மட்டும் எடுத்துச் செல்வதில்லை. சவ்வில் கொழுப்பு வாலால் ஒட்டியிருக்கும் எஃப்எச்பிபி போன்ற புரதங்களையும் அது உரித்துவிடுகிறது. 2013இல் ஐரோப்பாவில் உரிமம் பெற்ற ‘பெக்ஸெரோ’வில் அந்த வகைப் புரதத்தை ஈ.கோலையில் தனியே உற்பத்தி செய்து, நியூசிலாந்துக் குமிழோடு கலந்தார்கள். கழுவும் தொட்டியில் இழந்ததை இன்னொரு நொதிகலனில் ஈட்ட வேண்டியிருந்தது.

கொனோரியா தரும் சான்று இன்னும் ஆழமானது. மென்இசட்பி போட்டுக்கொண்டவர்களிடம் கொனோரியா 31 சதவீதம் குறைந்திருந்ததாகப் பெடூசிஸ்-ஹாரிஸ் குழு 2017இல் வெளியிட்டது. கொனோரியா கிருமியில் போர்ஏ மரபணு செயலிழந்து கிடக்கிறது. அந்தப் புரதமே அதில் உருவாவதில்லை. மென்இசட்பியில் தனியே சேர்த்த புரதங்களும் கிடையாது. எனவே அந்தப் பாதுகாப்பு மெய்யானால், அது குமிழில் நாம் பொருட்படுத்தாத பிற கூறுகளிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ‘மெய்யானால்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். இது நோக்கீட்டு ஆய்வு. பிரான்சில் சமவாய்ப்பு முறையில் நடந்த டாக்ஸிவாக் சோதனையின் இறுதிக் கணக்கில் பெக்ஸெரோவுக்குப் புள்ளியியல் வலுவுள்ள பலன் தென்படவில்லை. ஆனாலும் இங்கிலாந்து 2025 ஆகஸ்டில், நோய் வாய்ப்பு மிகுந்தோருக்கு இந்தத் தடுப்பூசியைக் கொடுக்கத் தொடங்கியும்விட்டது.

தூய்மை என்ற அளவுகோலை ஒற்றைப் புரதத் தடுப்பூசிகளிலிருந்து கடன் வாங்கி இங்கே பொருத்தியதுதான் பிழை என்பது என் வாதம். நச்சைக் குறைக்கக் கழுவித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. எல்பிஎக்ஸ்எல்1 மரபணுவை நீக்கினால் அந்த நச்சின் மையப் பகுதியான லிப்பிட்-ஏ ஒரு கொழுப்பமில வாலை இழந்து சாதுவாகிறது. ஆர்எம்பிஎம் மரபணுவை நீக்கினால் சவ்வின் பிடி தளர்ந்து குமிழ் ஏராளமாகக் கழல்கிறது. இத்தாலியின் சியனாவில், வயிற்றுக்கடுப்புக் கிருமியான ஷிகெல்லாவிலிருந்து டால்ஆர் மரபணுவை நீக்கிச் செய்ததும் இதையே. செல்களை வடிகட்டி, குமிழைச் செறிவாக்கினால் போதும். பித்த உப்பும் அதிவேக மையவிலக்கும் தேவையில்லை. பெரிய ஆலை இல்லாத நாடுகளுக்கு இது சிறிய நன்மையல்ல.

இயல்புக் குமிழ் என்பதாலேயே அது வென்றுவிடாது. சியனாவின் ஷிகெல்லா சொன்னெய் தடுப்பூசி, தன்னார்வலர்களுக்குக் கிருமியைக் கொடுத்துப் பார்த்த சோதனையில் காக்கத் தவறியது. குமிழின் மேல் ஓ-ஆன்டிஜன் என்னும் சர்க்கரைத் தொடர் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியை மொத்தப் புரத அளவு மறைத்துவிடும். அறுவடை நேரமும் அப்படித்தான். தாமதித்து எடுத்தால் செல்கள் சிதைந்து, உள்ளிருக்கும் புரதமும் டிஎன்ஏவும் குமிழோடு கலக்கின்றன. ஊட்டக் கரைசலில் சிஸ்டீன் தீர்ந்தாலே மெனிஞ்சோகாக்கஸ் கூடுதலாகக் குமிழ் விடுகிறது. பெயரும் திரிபும் ஒன்றாக இருந்தாலும், ஊட்டமும் நேரமும் மாறினால் ஊசியில் இருக்கும் பொருளும் மாறக்கூடும்.

ஆகவே தொகுதிச் சான்றில் போர்ஏயின் மைக்ரோகிராமும் நச்சளவும் மட்டும் இருப்பது போதாது. கொழுப்புப் புரதங்களின் அளவு, அறுவடையின்போது செல்கள் சிதைந்த விகிதம், வேற்றுத் திரிபுகளைக் கொல்லும் எதிர்ப்பொருள் திறன் ஆகியவையும் அதில் இடம்பெற வேண்டும். நியூசிலாந்தின் அதே திரிபிலிருந்து கழுவிய குமிழையும் கழுவாத குமிழையும் எடுத்து, இரண்டும் தூண்டும் எதிர்ப்பொருள்களைக் கொனோரியா கிருமியின் மீது அருகருகே சோதிப்பதிலிருந்து இந்த அளவீட்டைத் தொடங்கலாம்.