கூந்தல் யாருடையது?

தமிழ்ப் புலவர்கள் பெண்ணின் கூந்தலைப் புகழ்ந்து வரைந்த ஏடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைத்தால் அக்கூந்தலினும் அவை நீளும். கார்மேகம் என்பர், ஆற்றின் கருமணல் என்பர், மயிலின் தோகை என்பர். புகழ்ச்சியில் ஒரு குறைவுமில்லை. ஆயினும் அக்கூந்தலை வளர்க்கவும் களையவும் உரிமை படைத்தவர் யார் என்று வினவினால் அப்புலவர்கள் வேறொரு விடை கூறுகின்றனர். கணவனைக் கூந்தலுக்கு உரிமையாளன் என்று சுட்டும் வழக்கே புறநானூற்றில் இருக்கின்றது. நிலத்துக்குக் கிழார் இருப்பதுபோலத் தலைமயிருக்கும் ஒரு கிழவன்! அவ்வுரிமையாளன் இறந்துபட்டால் சொத்து என்னாகும்? அதற்கும் அந்நூலிலேயே விடையுண்டு. கைம்மை நோன்பு மேற்கொண்ட மகளிர் கூந்தலைக் கொய்துவிட்ட செய்தி அங்கே காணப்படுகின்றது.

பண்டைத் தமிழ்ப் பெண்ணுக்கு ஒப்பனை தெரியாது என்று எவரும் எண்ணவேண்டா. முடி, கொண்டை, குழல், பனிச்சை, சுருள் எனக் கூந்தலை ஐவகையாக முடித்தனர். அதனாலேயே கூந்தலுக்கு ஐம்பால் என்று பெயர் வந்தது என நிகண்டும் உரையும் கூறும். அகிற்புகை ஊட்டினர், நெய் பூசினர், பருவத்துக்கேற்ற பூச்சூடினர். விரிந்த கூந்தலோ துயரின் அடையாளமாகவும் சினத்தின் அடையாளமாகவும் கொள்ளப்பட்டது. பாண்டியன் அவையில் புகுந்த கண்ணகியின் கூந்தல் விரிந்து கிடந்தது. கௌரவர் அவையில் இழுக்கப்பட்ட திரௌபதியின் கூந்தலை வைத்தே பாரதியார் 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகத்தை வெளியிட்டு நாட்டின் அடிமைத்தனத்தைப் பேசினார். ஆக, ஒரு பெண் தலைமுடியை எவ்வாறு வைத்திருக்கிறாள் என்பதைக் கொண்டு அவள் கன்னியா, மனைவியா, கைம்பெண்ணா, துயருற்றவளா என்று ஊரார் படித்தறிந்தனர். இது அழகு நூல் அன்று, பதிவேடு. தோட்டத்தில் நாளும் பெயர்ப்பதிவு எழுதும் கிராணியாகிய எனக்கு இவ்வகை ஏட்டின் இயல்பு ஓரளவு விளங்கும்: அதில் பெயர் ஒருவருடையது, எழுதுகோல் வேறொருவருடையது.

திருவிளையாடற் புராணத்துத் தருமி கதையை அறியாத தமிழர் இலர். அரசியின் கூந்தலுக்கு இயற்கையில் மணமுண்டோ என்று பாண்டியன் ஐயுற்றான். ஐயந்தீர்ப்பவருக்குப் பொற்கிழி என்றான். சிவபெருமானே பாட்டெழுதிக் கொடுத்தார், நக்கீரர் குற்றங் கண்டார், நெற்றிக்கண் திறந்தது, புலவர் பொற்றாமரைக் குளத்தில் வீழ்ந்தார். மன்னனும் புலவரும் கடவுளும் கலந்துகொண்ட இப்பெருவழக்கில், கூந்தலுக்குச் சொந்தக்காரியாகிய அரசியை அழைத்து, "அம்மா, பூ வைக்காத நாளில் எப்படி?" என்று கேட்கவேண்டுமென ஒருவருக்கும் தோன்றவில்லை.

இது வேடிக்கை. வேடிக்கையல்லாத பகுதி கைம்பெண்ணின் தலையை மழித்த வழக்கம். இது தமிழர் எல்லாரிடத்தும் ஒருபடித்தாக இருந்ததன்று. பார்ப்பன இல்லங்களில்தான் கடுமையாக நின்றது. அறியாப் பருவத்தில் மணம் முடித்து, அறியாப் பருவத்திலேயே தாலியிழந்த சிறுமிகள், பருவம் எய்தியதும் நாவிதன் முன் உட்காரவைக்கப்பட்டனர். அவள் அழகாயிருந்தால் ஆபத்து என்பதே இதன் உட்கருத்து. 1890இல் பம்பாயில் நாவிதத் தோழர்கள் கூடி, இனி விதவைகளின் தலையில் கத்தி வைப்பதில்லை என்று தீர்மானித்தனர். சாத்திரம் கற்றவர்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது கத்தி பிடித்தவர்கள் கத்தியைக் கீழே வைத்தது நம் சீர்திருத்த வரலாற்றில் போதிய அளவு போற்றப்படாத செய்தி. தமிழில் அ. மாதவையா 1903இல் வெளியிட்ட முத்துமீனாட்சி என்னும் நாவல் இவ்விளம் விதவைகளின் துன்பத்தை ஒரு பெண்ணின் வாயிலாகவே சொல்லிற்று.

1886இல் பிறந்த சுப்புலட்சுமி அம்மையாரும் இவ்விதியில் அகப்பட்டவரே. மணமான சிறிது காலத்திலேயே கணவனை இழந்தார். ஆனால் அவர் தந்தையார் மகளின் தலையை மழிக்க இசையவில்லை, பள்ளிக்கு அனுப்பினார். 1911இல் அவர் சென்னையில் பி.ஏ. பட்டம் பெற்றார். மறு ஆண்டே இளம் விதவைகளுக்கென ஒரு இல்லம் தொடங்கினார். பின்னாளில் அவ்வில்லம் திருவல்லிக்கேணிக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் மாளிகையில் நடந்தது. அங்கு பயின்ற பெண்கள் ஆசிரியைகளாயினர். ஒரு தகப்பன் நாவிதனை வாயிலோடு திருப்பியனுப்பியதன் பயன் இவ்வளவு தூரம் சென்றது.

இனி நம் சிங்கப்பூருக்கு வருவோம். தலைமுடியைப் பற்றிய முதற் பெருஞ்சண்டை இவ்வூரில் பெண்களிடையே எழவில்லை, ஆண்களிடையே எழுந்தது. தமிழரிடையேயும் அன்று, சீனரிடையே. மஞ்சு மன்னர்கள் 1645இல் சீனரின் தலையில் சுமத்திய நீண்ட பின்னல், இரு நூற்றாண்டுகள் கழிந்தபின் சீனப் பண்பாட்டின் உயிரெனவே கொள்ளப்பட்டுவிட்டது. டாக்டர் லிம் பூன் கெங் 1898ஆம் ஆண்டளவில் அதனை அறுத்தெறியுமாறு இங்கே இயக்கம் தொடங்கியபோது, முன்னோரை அவமதிக்கிறான் என்று பழமைவாதிகள் சீறினர். அவரும் நண்பர்களும் 1899இல் சீனப் பெண்களுக்கென ஒரு பள்ளியையும் நிறுவினர். 1912இல் சீனம் குடியரசானதும் அப்பின்னல் சில ஆண்டுகளில் மறைந்தது. சீனப் பண்பாடு மறையவில்லை.

தமிழ் ஆடவரின் குடுமியும் அவ்வாறே போயிற்று. தாத்தா குடுமியுடன் கப்பலேறினார். பேரன் கிராப்புடன் திரிந்தான். தியாகராஜ பாகவதரின் படங்கள் வந்தபின் அவரைப்போலத் தலைமுடியைப் பின்னோக்கி வாரி வளர்த்த வாலிபர்களுக்குக் கணக்கில்லை. குடுமி போனதால் தமிழ் போயிற்று என்று எவரும் மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. அதே காலத்தில் ஒரு பெண் சடையைக் குறைத்துக்கொண்டால் மட்டும் குலம், கற்பு, பண்பாடு எல்லாம் கத்தரியின் வாயில் அகப்பட்டுவிட்டதாக ஓலம் எழுந்தது.

பெரியார் ஈ.வெ.ரா. இதைத்தான் எடுத்துக் கேட்டார். 1929ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணின் சொத்துரிமைக்குத் தீர்மானம் செய்தது; அவ்வாண்டு டிசம்பரில் அவர் நாகம்மையாருடன் மலாயாவுக்குக் கப்பலேறி வந்தார்; சிங்கப்பூர்த் தமிழரிடையேயும் பேசினார். பெண்கள் ஆண்களைப்போல் கிராப்பு வைத்துக்கொள்ளலாம் என்று எழுத்திலும் பேச்சிலும் பலகாலும் வற்புறுத்தியவர் அவர். சடையும் பூவும் நகையும் பெண்ணைப் பொம்மையாக்குகின்றன என்பது அவர் வாதம். இதில் பாதியை நான் ஏற்கிறேன். பூவைச் சூடும் பெண் யாவரும் பொம்மையென்று என்னால் கொள்ள இயலவில்லை. ஆனால் அவர் சுட்டிய கணக்கு மறுக்கமுடியாதது. எண்ணெய் தேய்த்து, அரப்போ சீயக்காயோ இட்டு அலசி, சாம்பிராணிப் புகையில் உலர்த்தி, சிக்கெடுத்து, பேன்சீப்பால் வாரி, நீளம் போதாதவர்கள் சவுரி வைத்துப் பின்னி, குஞ்சலம் கட்டி முடிப்பதற்குள் ஒருத்தியின் அரைநாள் போகும். நகர மனையில் வேலைக்காரியுடன் வாழ்பவளுக்கு இது பொழுதுபோக்கு. தோட்டத்துப் பெண்ணுக்கு?

ரப்பர்த் தோட்டத்துப் பெண்ணின் தலையைப் பற்றி எந்தப் புலவரும் பாடவில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போகவேண்டும். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஒழுகும். ஆகவே இருட்டில் எழுந்து, உலை வைத்து, குழந்தையை ஒப்படைத்து, முடியை அள்ளி ஒரு கொண்டையாக முடிந்து, மேலே ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு அவள் காட்டுக்குள் போனாள். அத்துணி நாணத்துக்காக அன்று, கொசுவுக்காகவும் பாலுக்காகவும். ரப்பர்ப் பால் தலைமுடியில் பட்டு உறைந்துவிட்டால் சீப்புக்கு அது அசையாது. கத்தரிதான் அதற்கு மருந்து. அவளுக்குக் கொண்டை என்பது அலங்காரமே அன்று. வெட்டுக்கத்தியையும் பால்வாளியையும் போல் ஒரு வேலைச் சாமான்.

சிங்கப்பூரில் கட்டட வேலை செய்த சீனத்துச் சம்சுயி மாதரின் சிவப்புத் தலைத்துணியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அவர்களுடைய உறவுமுறையினர் போன்ற வேறொரு கூட்டத்தார் மாஜே எனப்பட்ட வீட்டுப் பணிப்பெண்கள். வெள்ளைச் சட்டையும் கருப்புக் காற்சட்டையும் அவர்கள் அடையாளம். கன்டோனியரிடையே மணப்பெண்ணின் கூந்தலை வாரி முடிவது மணச்சடங்கின் ஒரு பகுதி. இப்பெண்களுள் பலர், மணமகன் இல்லாமலே தெய்வத்தின் முன் தம் கூந்தலைத் தாமே வாரி முடிந்துகொண்டு, இனி எவனுக்கும் மனைவியாவதில்லை என்று சூளுரைத்தனர். அதன்பின் தம் சம்பாத்தியம் தமக்கு. பதிவேட்டின் எழுதுகோலைப் பிடுங்கித் தம் பெயரைத் தாமே எழுதிக்கொண்டவர்கள் என்று இவர்களைச் சொல்வேன்.

முதல் உலகப்போருக்குப்பின் மேனாடுகளில் பெண்கள் கழுத்தளவில் கூந்தலைக் கத்தரிக்கும் பாப் வழக்கம் பரவிற்று. 1920களில் ஜப்பானிலும் சீனத்திலும் அது வந்து சேர்ந்தது. சீனத்தில் அதற்குக் கொடுத்த விலை பெரிது. 1927இன் உள்நாட்டுக் கலகத்தில், கத்தரித்த கூந்தலே புரட்சிக்காரி என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டு இளம்பெண்கள் கொல்லப்பட்டனர்.

தமிழ்ப் பெண்களுக்கு அவ்வேளை சிங்கப்பூரிலேயே வந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் இங்கு வந்திறங்கினார். பெண்களுக்கென ஒரு படை வேண்டுமென்றார். சென்னையில் பிறந்து 1940இல் சிங்கப்பூர் வந்து மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவியானார். அக்டோபர் 22ஆம் நாள் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சேர்ந்தவர்களுள் பெரும்பங்கினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். அப்படையின் புகைப்படங்களைக் காண்பவர் முதலில் துப்பாக்கியைப் பார்ப்பர். நான் தலைகளைப் பார்த்தேன். தொப்பியின்கீழ்ச் சிலருக்குக் கழுத்தளவே கூந்தல். சிலருக்கு இறுக்கிப் பின்னிய சடை. ஆனால் காற்சட்டையும் காலணியும் எல்லாருக்கும் ஒன்றே. மாமியாரும் கங்காணியும் துரையும் இட்ட கட்டளைக்கு அதுவரை தலைவணங்கிய பெண்கள், தாமே கையொப்பமிட்டுச் சேர்ந்து, தலைநிமிர்ந்து நடை பழகினர். பர்மாவரை சென்றவர்கள் 1945இல் மழையிலும் குண்டுவீச்சிலும் நெடுந்தூரம் நடந்து திரும்பினர். அக்காலத்திலும் சடையைக் குறைத்தவள் கெட்டவள் என்று திண்ணையில் பேசியவர்கள் இருந்திருப்பார்கள். திண்ணை எங்கும் போய்விடவில்லையே.

அதே 1943இல், உலகின் மறுகோடியில், வெரோனிகா லேக் என்னும் அமெரிக்க நடிகை ஒரு கண்ணை மறைத்துத் தொங்கிய தம் கூந்தலை அரசாங்கத்தின் வேண்டுகோளால் மாற்றிக்கொண்டார். ஆயுதச் சாலைகளில் வேலைசெய்த பெண்கள் அவரைப்போலவே முடியைத் தொங்கவிட்டதனால் அது இயந்திரங்களில் சிக்கும் அபாயம் இருந்தது. அழகின் இலக்கணம் திரையில் எழுதப்படுகின்றது. தொழிற்சாலை அதனைத் திருத்துகின்றது. 1960களின் இறுதியில் சிங்கப்பூரில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தபோது நம் பெண்களும் தொப்பிக்குள் கூந்தலை அடக்கிக்கொண்டு வரிசையில் அமர்ந்தனர்.

ஆண்களும் முற்றும் தப்பவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். 1970களில் நீண்ட முடி வைத்த ஆடவருக்கு அரசாங்க அலுவலகங்களில் கடைசியில்தான் பணி செய்யப்படும் என்று இவ்வூரில் சுவரொட்டி ஒட்டினர். லெட் செப்பெலின் என்னும் ஆங்கில இசைக்குழு 1972இல் முடி காரணமாகவே இங்கு பாட முடியாமற் போயிற்று. பெண்ணுக்குக் குட்டை முடி குற்றம். ஆணுக்கு நெட்டை முடி குற்றம். அளவுகோல் யார் கையில் என்பதுதான் அன்றும் வினா.

களைந்த முடிக்கும் ஒரு வரலாறு உண்டு. திருப்பதியில் பக்தர்கள் காணிக்கையாகக் கொடுக்கும் முடியைத் தேவஸ்தானம் ஏலத்தில் விற்கின்றது. பெண்களின் நீண்ட முடிக்கே விலை அதிகம். அது கடல்கடந்து பொய்முடியாகின்றது. 2004இல் யூத மதகுருமார் சிலர், இது விக்கிரக வழிபாட்டில் வந்த பொருள் என்று தீர்ப்பளிக்க, நியூயார்க்கில் யூதப் பெண்கள் விலையுயர்ந்த பொய்முடிகளைத் தெருவில் இட்டுக் கொளுத்தினர். மணமான பெண் தன் முடியைப் பிறருக்குக் காட்டலாகாது என்பதற்காக அணிந்தவை அவை. காணிக்கை கொடுத்த நம் ஏழைப் பெண்ணுக்கு இவ்வழக்கு நடந்ததே தெரியாது. ஏலத் தொகையில் அவளுக்குக் காசும் இல்லை.

சிங்கப்பூரில் 2003 முதல், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்குத் துணைநின்று நிதி திரட்டுவதற்காகப் பலர் தலையை மழித்துக்கொள்ளும் நிகழ்ச்சி நடந்துவருகின்றது. 2013இல் ஒரு பெண்கள் பள்ளியைச் சேர்ந்த மாணவிகள் சிலர் அதில் தலையை மழித்துக்கொண்டு வகுப்புக்கு வந்தனர். பொய்முடி அணிந்துகொள்ளுங்கள் என்று பள்ளி அவர்களிடம் கூறிற்று. முன்பே அவ்வாறு வாக்களித்திருந்தார்கள் என்றும் விளக்கிற்று. ஊர் முழுவதும் வாதம் நடந்தது. தாய்மார் எழுதினர், ஆசிரியர்கள் எழுதினர், ஒழுக்கம் என்றனர் சிலர், இரக்கம் என்றனர் சிலர். இம்முறை அம்மாணவிகளையும் கேட்டார்கள். அவர்களும் பதில் சொன்னார்கள்.