பனியாற்றின் இரு பெயர்கள்

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்துக் கண்டது நம் இலக்கண மரபு. அப்பகுப்பைத் துணையாகக் கொண்டு, வடதுருவ வட்டத்திற்கு அப்பாலுள்ள ஒரு பனியாற்றின் பெயர் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், வட அகலக்கோடு 69 பாகையில் அமைந்தது அப்பனியாறு. அந்நாட்டின் பனிப்பரப்பில் ஏறத்தாழ 6.5 விழுக்காட்டுப் பகுதி அவ்வொரு வாயில் வழியே கடலை நாடுகின்றது. அதன் முகத்திலிருந்து முறியும் பனிமலைகள் மலையிடைக் கழியொன்றில் மிதந்து டிஸ்கோ விரிகுடாவை அடைகின்றன. அக்கழியை 2004இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

1741இல் அங்கே எழுந்த டேனிய வணிகக் குடியிருப்பு, யாக்கோப் செவெரின் என்னும் வணிகர் பெயரால் யாக்கோப்ஸ்ஹவ்ன், அஃதாவது யாக்கோபின் துறைமுகம் எனப்பட்டது. ஊர்ப்பெயர் பின்னர்ப் பனியாற்றின் மீதும் ஏறியது. இப்பெயர்க்கும் காரணம் உண்டு; ஆயின் அக்காரணம் வணிகத்தில் உள்ளது, பனியில் இல்லை.

மண்ணின் மக்களோ அதனைச் செர்மெக் குயாலெக், 'தென்பனியாறு' என்றனர். ஊரின் பெயர் இலுலிசாத், 'பனிமலைகள்'. கழிமுகத்துத் தொல்குடியிருப்பான செர்மெர்மியுத், 'பனியாற்றருகே வாழ்வோர்' எனப் பொருள்படும். 1979இல் தன்னாட்சி பெற்றபின் கிரீன்லாந்தியப் பெயர்களே முதன்மை எய்தின.

பெயர் மீண்டது, பனியோ மீளவில்லை. 1851இல் ஹின்ரிக் ரிங்க் என்னும் டேனிய அறிஞர் குறித்த எல்லையினின்றும் பனிமுகம் அடுத்த நூறாண்டில் சுமார் 25 கிலோமீட்டர் உள்வாங்கியது. எஞ்சிய மிதக்கும் பனிநாக்கும் 2003ஆம் ஆண்டளவில் சிதைந்தது. 2012 கோடையில் அப்பனி நாளொன்றுக்கு 46 மீட்டர் விரைந்தது. 2016 முதல் விரிகுடா நீர் சற்றே குளிர்ந்தமையால் சில ஆண்டுகள் வேகம் தணிந்தது. கடல்நீரின் வெப்பம் அதன் வாழ்வை எவ்வளவு ஆள்கின்றது என்பதற்கு அதுவே சான்று.

வணிகரின் பெயர் பனியே இல்லாவிடினும் நிலப்படத்தில் வாழும். 'பனிமலைகள்' என்னும் ஊர்ப்பெயரோ, பனிமலைகள் வாராத நாளில் பொருளிழக்கும். அயலார் இட்ட பெயரை அரசாணையால் நீக்கலாம். காரணப்பெயரின் காரணத்தைக் காக்க எந்த ஆணையும் போதாது. சொல்லைக் காப்போர் பொருளையும் காத்தல் வேண்டும் என்பதைக் கவிஞர்கள் நெஞ்சிற் கொள்வார்களாக.