சிறந்த ஐஸ் ஹாக்கிப் பயிற்றுநர் என்றால் யார்? ஸ்காட்டி போமன் சொல்லும் கதை

கோலாலம்பூரில் 2017ஆம் ஆண்டு நடந்த சீ விளையாட்டுப் போட்டியில்தான் ஐஸ் ஹாக்கி முதன்முறையாக இடம்பெற்றது. நம் வட்டாரத்தில் பலருக்கு அது இன்றும் தொலைக்காட்சியில் எப்போதாவது கண்ணில் படும் விளையாட்டுதான். காற்பந்து பார்த்துப் பழகியவர்களுக்கு அதில் ஒரு விஷயம் உடனே புலப்படாது. அங்கே பயிற்றுநருக்கு ஆட்டம் முழுவதும் வேலை இருக்கிறது.

காற்பந்துப் பயிற்றுநர் ஓர் ஆட்டத்தில் நான்கைந்து பேரை மாற்றலாம். ஐஸ் ஹாக்கியில் மாற்றங்களுக்குக் கணக்கே இல்லை. கோல்காவலரையும் சேர்த்து ஆறு பேர் பனித்தளத்தில் நிற்பார்கள். மற்றவர்கள் தடுப்புச் சுவருக்குப் பின்னால் பெஞ்சில் காத்திருப்பார்கள். முழு வேகத்தில் சறுக்கும் ஒருவர் 40, 50 விநாடிகளில் களைத்துவிடுவார். அவர் வெளியே வர, ஆட்டம் நிற்காமலேயே அடுத்தவர் உள்ளே குதிக்க வேண்டும். 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளிலும் இது ஓயாமல் நடக்கும். அடுத்து யார் இறங்குவது, எதிரணியில் யாரை எதிர்த்து இறங்குவது என்பதைப் பின்னால் நிற்கும் பயிற்றுநர் கண நேரத்தில் முடிவு செய்ய வேண்டும்.

இந்த வேலையில் ஸ்காட்டி போமனுக்கு நிகராக இன்னொருவரைச் சொல்வது கடினம். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் பயிற்றுநராக அவர் பெற்ற வழக்கமான பருவ வெற்றிகள் 1,244. வென்ற ஸ்டேன்லி கிண்ணங்கள் ஒன்பது. மொன்றியல், பிட்ஸ்பர்க், டெட்ராய்ட் என்று மூன்று வெவ்வேறு நகரங்களின் குழுக்களுடன் அவற்றை வென்றார்.

கனடாவின் மொன்றியல் நகரை ஒட்டிய வெர்டனில் 1933ல் பிறந்தவர் போமன். ஆட்டக்காரராக வேண்டும் என்பதே அவரது ஆசை. 1952ல் இளையர் ஆட்டம் ஒன்றில் எதிரணியின் ஜான்-கீ டால்போ வீசிய மட்டை தலையில் பட்டது. காயம் ஆறினாலும் ஆட்டம் பழையபடி வரவில்லை. பெயிண்ட் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். மதிய உணவு நேரத்தில் மொன்றியல் கனடியன்ஸ் குழுவின் பயிற்சியைப் பார்க்கப் போய்விடுவார். அவரது கல்வி அங்கேதான் தொடங்கியது எனலாம். பல ஆண்டுகள் கழித்து, செயிண்ட் லூயிஸ் புளூஸ் குழுவுக்கு அவர் பயிற்றுநராக இருந்தபோது அதே டால்போ அக்குழுவுக்கு ஆட வந்தார். தற்காப்புக்கு ஆள் தேவைப்பட்டது. போமன் அவரை ஆடவிட்டார்.

புளூஸ் அப்போது புதுக் குழு. 1967ல் பொறுப்பேற்றபோது போமனுக்கு வயது 34. மற்ற குழுக்கள் வேண்டாம் என்று விட்ட மூத்த ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு முதல் மூன்று பருவங்களிலும் இறுதிச் சுற்றை எட்டினார். மூன்றிலும் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் தோற்றார் என்பதையும் சொல்ல வேண்டும்.

1971ல் மொன்றியலுக்குத் திரும்பினார். எட்டுப் பருவங்களில் ஐந்து கிண்ணங்கள். 1976-77 பருவத்தில் 80 ஆட்டங்களில் அவரது குழு தோற்றவை எட்டு மட்டுமே. நட்சத்திரங்கள் நிறைந்த குழு அது, யார் பயிற்றுநராக இருந்தாலும் வென்றிருக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. அது பாதி உண்மைதான். அக்குழுவில் பாப் கெய்னி என்று ஒருவர் இருந்தார். அவர் அதிகம் கோல் போடுபவர் அல்லர். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை அசையவிடாமல் செய்வதே அவர் வேலை. போமன் அவரை முக்கியமான நேரங்களில் எல்லாம் இறக்கினார். தற்காப்பில் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரருக்கான செல்கி விருது தொடங்கப்பட்டதும், முதல் நான்கு ஆண்டுகள் அதைப் பெற்றவர் கெய்னியே.

ஆட்டக்காரர்கள் போமனை நேசித்தார்களா? பெரும்பாலும் இல்லை. ஆண்டில் 364 நாள்கள் அவரை வெறுப்போம், 365ஆவது நாளில் வெற்றி மோதிரத்தை வாங்கிக்கொள்வோம் என்ற பொருளில் ஸ்டீவ் ஷட் சொன்னது இன்றும் எடுத்துச் சொல்லப்படுகிறது. போமன் அதிகம் பேச மாட்டார், பாராட்ட மாட்டார். நேற்று நன்றாக ஆடியவர் இன்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், காரணமும் சொல்லப்படாது. இதை நற்பண்பு என்று மெழுக வேண்டியதில்லை. அதனால் மனம் நொந்தவர்கள் இருந்தார்கள்.

அந்தக் குணம் எல்லா இடத்திலும் எடுபடவும் இல்லை. 1979ல் பஃபலோ சேபர்ஸ் குழுவுக்குப் போய் நிர்வாகம், பயிற்சி இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டார். 1986 இறுதியில் வேலை பறிபோகும்வரை இறுதிச் சுற்றையே எட்டவில்லை. பின்னர் பிட்ஸ்பர்க்கில், எல்லாராலும் விரும்பப்பட்ட பயிற்றுநர் பாப் ஜான்சன் மூளைக் கட்டியால் பாதிக்கப்பட்டு 1991 நவம்பரில் காலமானார். அவரது இடத்தில் நின்ற போமனின் கடுமையை அந்த ஆட்டக்காரர்களால் ஏற்க முடியவில்லை. புகார் போனது. பயிற்சிகளைத் துணைப் பயிற்றுநர்களிடம் விட்டுவிட்டு, ஆட்டத்தின்போது பெஞ்சைக் கவனிப்பதோடு நின்றுகொண்டார் போமன். 1992ல் அக்குழு கிண்ணம் வென்றது. பயிற்றுநராக ஆறாவது கிண்ணத்தை நோக்கி நடந்துகொண்டிருந்த ஒருவர் இப்படி ஒதுங்க ஒப்புக்கொண்டதுதான் அவரைப் பற்றி அதிகம் சொல்கிறது.

டெட்ராய்ட் ரெட் விங்ஸ் 1955க்குப் பிறகு கிண்ணத்தையே பார்க்காத குழு. 1993ல் போமன் போனபோது அதன் தலைவர் ஸ்டீவ் ஐசர்மன். 1988-89ல் கோல்களும் கோலுக்கான உதவிகளுமாக 155 புள்ளிகள் குவித்தவர், நகரின் செல்லப்பிள்ளை. அவரிடம், தற்காப்பையும் கவனி, உன் புள்ளிகள் குறையட்டும் என்றார் போமன். ஐசர்மனுக்கு அது எளிதாக இல்லை. அவர் வேறு குழுவுக்கு விற்கப்படலாம் என்றுகூடப் பேச்சு அடிபட்டது. இறுதியில் அவர் மாறினார். 2000ல் செல்கி விருது அவருக்கே கிடைத்தது.

அதே குழுவில் சோவியத் முறையில் வளர்ந்த ரஷ்யர்கள் ஐவர் இருந்தார்கள். 1995 அக்டோபரில் போமன் அவர்களை ஒரே நேரத்தில் களமிறக்கினார். ரப்பர் வட்டை முன்னால் அடித்துவிட்டுத் துரத்துவது வட அமெரிக்க வழக்கம். இவர்களோ வழி இல்லையென்றால் பின்னால் திருப்பி, மீண்டும் தொடங்குவார்கள். அவர்களுக்கு அவர் பாடம் நடத்தவில்லை. கற்றதை ஆடட்டும் என்று விட்டுவிட்டார். மொன்றியலில் எல்லாவற்றையும் தன் பிடியில் வைத்திருந்தவரா இவர் என்று தோன்றும்.

போமனின் கண் எப்படிப்பட்டது என்பதற்கு 1997 இறுதிச் சுற்றைவிட நல்ல சான்று இல்லை. எதிரணி பிலடெல்பியா பிளையர்ஸ். அதன் எரிக் லின்ட்ராஸ் ஆறடி நான்கு அங்குல உயரம். மோதித் தள்ளியே வழி உண்டாக்குபவர். அவரைச் சமாளிக்க, மோதலுக்கு அஞ்சாத விளாடிமிர் கான்ஸ்டன்டினோவை டெட்ராய்ட் இறக்கும் என்றே எல்லாரும் எதிர்பார்த்தனர். போமன் இறக்கியது நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம், லேரி மர்பி இணையை. இருவரும் முரடர்கள் அல்லர். ஆனால் வட்டு கைக்கு வந்ததும் நொடியில் அனுப்பிவிடுவார்கள். மோத வருபவருக்கு மோத ஆளே இருக்காது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கும்போது வருகை தரும் குழு முதலில் ஆள்களை இறக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகு சொந்தத் திடலில் ஆடும் குழு மாற்றிக்கொள்ளலாம். முதல் இரண்டு ஆட்டங்களும் பிலடெல்பியாவில் நடந்தன. அந்தச் சலுகை எதிரணிக்கு இருந்தும், போமன் தமக்கு வேண்டிய இணையை லின்ட்ராஸ் முன் நிறுத்திக்கொண்டே இருந்தார். டெட்ராய்ட் 4-0 என்று தொடரை வென்றது. லின்ட்ராஸ் போட்டது ஒரே கோல், அதுவும் நான்காவது ஆட்டத்தின் கடைசி விநாடிகளில்.

வெற்றி கொண்டாடி ஒரு வாரம்கூட ஆகவில்லை. கார் விபத்தில் சிக்கிய கான்ஸ்டன்டினோவ் அதன் பிறகு ஆடவே இல்லை. அவர் இல்லாத தற்காப்பை வைத்து மறு ஆண்டும் டெட்ராய்ட் வென்றது. ஐசர்மன் கிண்ணத்தை வாங்கியதும், சக்கர நாற்காலியில் பனித்தளத்துக்குக் கொண்டுவரப்பட்ட கான்ஸ்டன்டினோவின் மடியில் வைத்தார்.

2002 ஜூனில் ஒன்பதாவது கிண்ணம். ஆட்டம் முடிந்ததும் 68 வயது போமன் சறுக்குக் காலணிகளை மாட்டிக்கொண்டு, கிண்ணத்தைத் தூக்கியபடி பனித்தளத்தைச் சுற்றி வந்தார். பயிற்றுநர் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதையும் அன்றிரவே அறிவித்தார்.